துறைமுகத்தில் வெளிநாட்டு முதலீடு: ஆஸ்திரேலியாவின் கண்காணிப்பு எந்த அளவுக்குத் தேறும்?

2015-இல் ஆஸ்திரேலியாவின் வட முனையில் உள்ள டார்வின் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. எடுத்தது சீனாவின் லேண்ட்பிரிட்ஜ், தொகை 50.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். அந்நிய முதலீட்டு ஆய்வு வாரியத்தின் ஒப்புதலுக்கு அது போகவே இல்லை. கொடுத்தது வட பிரதேச அரசு, எடுத்தது தனியார் நிறுவனம் என்பதால் அன்றைய விதி விலக்கு அளித்தது. அந்த ஓட்டையை 2016 மார்ச்சில் அடைத்தார்கள். இன்றைய ஏற்பாடு எவ்வளவோ மேல். ஆனால் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டோம்.

முக்கிய உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் (2018) டார்வின், நியூகாசில், போர்ட் ஹெட்லண்ட் உட்பட 20 துறைமுகங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. எது முக்கியம் என்ற இழுபறிக்கு இடமில்லை. அந்நிய முதலீட்டுச் சட்டத் திருத்தத்தின்படி 2021 ஜனவரி 1 முதல், இவற்றில் 10 சதவீதப் பங்கு வாங்க நினைக்கும் வெளிநாட்டவர், தொகை எவ்வளவு சிறியதானாலும் முன்அனுமதி பெற வேண்டும். நிர்வாகத்தில் தலையிடும் உரிமை சேர்ந்து வந்தால் 10-க்குக் கீழேயும் விதி பாயும். எங்கள் கணிப்பில் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான். ஒரு முனையத்தைக் கையில் வைத்திருப்பது பங்கு விகிதம் மட்டும் அல்ல. இயக்குநரை நியமிப்பது யார், எந்த முடிவை யார் தடுக்கலாம் என்பதும்தான். ஹாம்பர்க்கின் டோலரோர்ட் முனையத்தில் சீன அரசுக் கப்பல் நிறுவனமான காஸ்கோ கேட்ட 35 சதவீதத்தை 2022-இல் 25-க்குக் கீழே இறக்கிய ஜெர்மனி, வீட்டோ உரிமையையும் சேர்த்தே மறுத்தது. சரியான அணுகுமுறை.

விண்ணப்பத்தை வாரியம் பரிசீலித்து ஆலோசனை சொல்லும். முடிவு கருவூல அமைச்சருடையது. கெடு 30 நாள், மேலும் 90 நாள் வரை நீட்டிக்கலாம். கட்டணம் கட்டிய பிறகுதான் நாள் கணக்கு தொடங்கும் என்பதை மறந்து ஒப்பந்தத் தேதி குறித்தால் சிக்கல். அறக்கட்டளை, துணை நிறுவனம் என்று அடுக்கடுக்காக இருக்கும் உடைமையைக் கடைசி ஆள் வரை வரைந்து காட்டாவிட்டால் கேள்வி மேல் கேள்வி வரும்.

அனுமதிக்குப் பிறகு வேலை செய்வது 2018 சட்டத்தின் கீழ் அரசு வைத்திருக்கும் பதிவேடு. யாரிடம் எத்தனை சதவீதம், தலைமைச் செயல் அதிகாரி எந்த நாட்டுக் குடிமகன் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். மாற்றம் வந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. பாதுகாப்புக் காரணம் புரிகிறது, ஆனால் உடைமை விவரத்தையாவது வெளியிடலாம்.

பெரிய குறை, பின்னோக்கிப் பார்க்க முடியாதது. அறிவிக்காமல் நடந்த பரிவர்த்தனையை 10 ஆண்டு வரை அமைச்சர் கிளறலாம். ஆனால் 2021-க்கு முந்தையவை அதில் அடங்காது. டார்வின் குத்தகையை ரத்து செய்யத் தேவையில்லை என்று 2023 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. பிறகு 2025 ஏப்ரலில், அதே துறைமுகத்தை ஆஸ்திரேலியர் கைக்குக் கொண்டுவருவோம் என்று பிரதமர் அல்பனீஸி வாக்களித்தார். புதிதாகக் குத்தகை எழுதும் மாநிலங்கள் சட்டத்தை மட்டும் நம்பாமல், உரிமை கை மாறினால் திரும்பப் பெறும் விதியையும் அதற்கான விலைக் கணக்கையும் பத்திரத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.