ஸீப்ரா மிட்ஜா, கிரிஃபித்ஸ் நேட்டா? சான் வான் ஆற்றுக்கு எதைக் கட்டலாம்

நியூ மெக்சிகோவின் நவாஹோ அணை தன் அடிமட்டத்திலிருந்து தண்ணீரைத் திறப்பதால், கீழே சான் வான் ஆறு கோடையிலும் ஜில்லென்றே ஓடுகிறது. அந்தக் குளிரில் செழிக்கும் பூச்சி மிட்ஜ். பார்க்கக் கொசு மாதிரி, ஆனால் கடிக்காது. அங்குள்ள ட்ரவுட் மீனுக்கு ஆண்டு முழுக்க இதுதான் முக்கியச் சாப்பாடு. அதனால் ஃப்ளை, அதாவது நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோல் செய்யும் தூண்டில், கட்டுகிறவர் 18 முதல் 26 வரை எண்ணிட்ட தூண்டில் முட்களோடு மல்லாட வேண்டும். எண் ஏற ஏற முள் சிறுக்கும். 22 என்பது ஏறக்குறைய ஓர் அரிசி மணி.

மிட்ஜைப் போலக் கட்டும் இரண்டு ஃப்ளைகளில் எளிது ஸீப்ரா மிட்ஜ்தான். அரிசோனாவின் லீஸ் ஃபெரியில் பிறந்தது. கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே வெள்ளிக் கம்பியை இடைவெளி விட்டு வரிவரியாக ஓட்டி, தலையில் ஒரு மணி கோத்தால் முடிந்தது. மிட்ஜின் கூட்டுப்புழு நீருக்குள் மேலேறும் தோற்றம் அப்படியே வரும். உடம்பு தடித்தால் மட்டும் கெட்டது. நூலை முறுக்கவிழ்த்துத் தட்டையாக்கிச் சுற்றுங்கள். முள் 22ஐவிடச் சிறிதானால் மணியை விட்டுவிடலாம். அது முள்வாயை அடைத்துக்கொள்ளும், மீன் கடித்தாலும் குத்தாது.

ட்ரவுட் வாழும் ஆறுகளைக் காக்கும் ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பை 1959இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயரைத் தாங்கியது மற்றதான கிரிஃபித்ஸ் நேட். மயில் பீலி இழையால் உடம்பு, அதன்மேல் வெள்ளையும் கறுப்பும் கலந்த சேவல் கழுத்திறகு. மிதக்கும். ஒற்றைப் பூச்சியைவிட, இணைசேர ஒன்றின்மேல் ஒன்று மொய்க்கும் மிட்ஜ் கூட்டமாகவே இது மீனுக்குத் தெரிகிறது என்பார்கள். அப்படியானால் இதை 24இல் கட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது எதற்கு? 18, 20 போதும். பீலி மீனின் பல் பட்டால் அறுந்துவிடும். மெல்லிய கம்பியை எதிர்த்திசையில் சுற்றினால் தாங்கும்.

எதை எப்போது போடுவது? மீனின் மூக்கு மேலே தெரிந்தால் நேட். முதுகும் வாலும் மட்டும் புரண்டால், அது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தின்கிறது. அங்கே மணியில்லாத ஸீப்ரா. ஒன்றுமே தெரியாத நேரத்தில் மணி வைத்த ஸீப்ராவைத் தக்கையின் கீழ் ஆழத்தில் ஓடவிடலாம். பெரும்பாலான நேரம் இந்த மூன்றாவது நிலைமைதான். ஒன்றுதான் கட்ட நேரமிருக்கிறது என்றால் ஸீப்ராவைக் கட்டுங்கள். ஆனால் மூக்கு தெரியும் அந்த அரைமணி நேர நேட் ஆட்டத்துக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

இரண்டையும் சேர்த்தும் போடலாம்: நேட்டின் முள்வளைவில் ஓரடி டிப்பெட் (தூண்டில் கயிற்றின் நுனியில் வரும் மெல்லிய இழை) கட்டி, நுனியில் ஸீப்ரா. கனமான மணியை இங்கே கட்டாதீர்கள், நேட்டை இழுத்து மூழ்கடித்துவிடும். 6எக்ஸ் என்ற அளவு டிப்பெட்டின் தடிமன் சுமார் 0.13 மில்லிமீட்டர்தான். கடி தெரிந்ததும் வெடுக்கென்று சுண்டாமல், கோலை நிதானமாகத் தூக்கினால் போதும்.