உலோக வால்வா, திசு வால்வா? களியக்காவிளைக்கு இப்பால் இருப்பவர்களுக்கான ஒப்பீடு

குமரி மாவட்டம் 1956-ல் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சுக்கு ஒன்று என்றால் மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் பலர் இன்றைக்கும் திருவனந்தபுரம் வண்டியைத்தான் பிடிக்கிறார்கள். செங்கோட்டையிலிருந்தும் மலையைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அங்கே பழுதான இதய வால்வை மாற்றும் அறுவைக்கு நாள் குறிக்கும்போது கேட்பார்கள்: உலோக வால்வா, திசு வால்வா? “நீங்களே பாத்துச் செய்யுங்க டாக்டர்” என்று பொறுப்பை அவரிடமே விட்டுவிடுகிற குடும்பங்கள்தான் அதிகம். விட்டுவிடக் கூடாது. ஊர் திரும்பிய பிறகு ரத்தத்தை எங்கே, எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிப்பீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வால்வின் ஆயுளையும் உங்கள் ஆயுளையும் பெருமளவு தீர்மானிப்பது அதுதான்.

உலோக வால்வு தேயாது என்றே வைத்துக்கொள்ளலாம். நம் பக்கம் பலரின் நெஞ்சில் துடிப்பது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பிறந்த சித்ரா வால்வு. மருத்துவர் வலியத்தான் தலைமையில் மூன்று வடிவங்கள் தோற்று, நான்காவது தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். கோபால்ட் கலப்பு உலோகக் கூடு, அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒற்றை பாலிஎத்திலீன் தட்டு, சுற்றிலும் தையலுக்கான பாலியெஸ்டர் துணி வளையம். திசு வால்வு என்பது பதப்படுத்திய பன்றி வால்வு, அல்லது மாட்டின் இதய உறையில் வெட்டித் தைத்தது. ரத்தம் இதில் எளிதில் உறையாது. ஆனால் சுண்ணாம்பு படிந்து விறைக்கும், கிழியும். வயதானவருக்கு 10 முதல் 15 ஆண்டு வரும். இளம் உடலில் அதற்கு முன்பே கெட்டுவிடும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 575 ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து 15 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2000-ல் வெளிவந்தது. இதயத்திலிருந்து ரத்தம் உடலுக்குப் புறப்படும் வாசலான அயோர்ட்டிக் வால்வு மாற்றியவர்களில் உலோகப் பிரிவில் 66 சதவீதம் பேர், திசுப் பிரிவில் 79 சதவீதம் பேர் இறந்திருந்தனர். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரலில் வித்தியாசமே இல்லை. திசு வால்வு பழுதானது அயோர்ட்டிக்கில் 23, மைட்ரலில் 44 சதவீதம். மைட்ரல் இடத்தில் அழுத்தம் அதிகம், அதனால் தேய்மானமும் அதிகம். ரத்தக்கசிவோ உலோகப் பிரிவில் கூடுதல். எடின்பரோவில் 20 ஆண்டு நடந்த ஆய்வில் உயிர்பிழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. கலிபோர்னியப் பதிவேடுகளை அலசிய 2017-ம் ஆண்டு ஆய்வு, மைட்ரலுக்கு 70 வயது வரையும் அயோர்ட்டிக்குக்கு 55 வரையும் உலோகத்துக்கு உயிர்லாபம் உண்டு என்றது.

இந்த எண்களை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. முதல் ஆய்வில் ஒரு பெண்கூட இல்லை. நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களிலோ சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன இளம்பெண்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இதயத் துடிப்பும் தாளம் தப்பியிருக்கும். அப்படி இருந்தால் திசு வால்வு வைத்தாலும் ரத்த உறைவு தடுப்பு மாத்திரை தொடரும். திசுவின் பெரிய வசதி அங்கே பாதி போய்விடுகிறது. முழுதும் போவதில்லை. திசு மைட்ரல் வால்வோடு துடிப்புக் கோளாறும் உள்ளவர்களுக்கு உறைவு தடுப்பில் புது மாத்திரையான ரிவராக்சபான், பழைய மாத்திரையான வார்ஃபாரினுக்குக் குறைந்ததல்ல என்று 2020-ல் பிரேசில் ஆய்வு காட்டியது. அதற்கு மாதாந்திர ரத்தச் சோதனை வேண்டாம். உலோக வால்வில் அந்த வகைப் புது மாத்திரைகளுக்கு இடமே இல்லை. டாபிகாட்ரானைச் சோதித்தபோது உறைவு, கசிவு இரண்டுமே கூடியதால் ஆய்வையே நிறுத்தினார்கள்; முடிவு 2013-ல் வெளிவந்தது.

ஆக, உலோகம் என்றால் வாழ்நாள் முழுக்க உறைவு தடுப்பு மாத்திரை, கூடவே ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை. அந்த எண் இருக்க வேண்டியது அயோர்ட்டிக் வால்வுக்கு 2 முதல் 3, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5. வீடு வந்த புதிதில் வாரம் ஒருமுறை, அளவு நிலைத்த பின் மாதம் ஒருமுறை. முடிந்தவரை ஒரே பரிசோதனைக்கூடத்தில் பாருங்கள். கூடம் மாறினால் எண்ணும் சற்று மாறலாம்.

எல்லை தாண்டும்போது நடக்கும் மோசமான தவறு மாத்திரை மாறுவது. வார்ஃபாரினும் அசெனோகூமரோலும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமில்லை. அசெனோகூமரோல் ஏறக்குறைய இரு மடங்கு வீரியம், உடலை விட்டும் சீக்கிரம் இறங்கும். அங்கே 2 மி.கி. அசெனோகூமரோல் எழுதி, இங்கே மருந்துக்கடையில் 2 மி.கி. வார்ஃபாரின் கொடுத்தால் ஐ.என்.ஆர். சரியும், வால்வில் ரத்தக்கட்டி சேரும். நேர்மாறாக நடந்தால் ரத்தம் கசியும். அட்டையில் உள்ள மூலப்பெயரைப் படித்த பிறகே வாங்குங்கள்.

முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் சாப்பிட்டால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு மாதம் விட்டு அடுத்த மாதம் தினமும் என்றால்தான் அளவு ஆடும். மரச்சீனியும் மீனும் தடையில்லை. ஆபத்து மருந்தில் இருக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஐ.என்.ஆரை இறக்கும், வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல் ஏற்றும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். கஷாயம், லேகியம் தொடங்குவதாக இருந்தால் முதலில் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பாருங்கள். ருமாட்டிக் நோயாளிக்கு அந்தக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க 21 நாளுக்கு ஒருமுறை போடும் 12 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி வால்வு மாற்றியதும் தானாக முடிந்துவிடாது. ஆனால் தசையில் போடும் அந்த ஊசி இப்போது உள்ளே ரத்தம் கட்டவைக்கலாம், ஆகவே மாத்திரையாக மாற்றலாமா என்று கேளுங்கள்.

உலோக வால்வுக்காரருக்கு “டிக் டிக்” சத்தம் நல்ல சேதி. அது மங்கினால், திடீரென்று மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் போனால், தட்டு சிக்கியிருக்கலாம். அன்றே எக்கோ வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். சித்ரா வால்வு என்றால் போனதும் அதைச் சொல்லுங்கள். அதன் பாலிஎத்திலீன் தட்டு எக்ஸ்ரேயில் தெரியாது, எனவே எக்ஸ்ரே திரையில் தட்டின் அசைவைப் பார்த்து முடிவுக்கு வர இயலாது. உறைவைக் கரைக்கும் மருந்து, இல்லையென்றால் மறு அறுவை.

குழந்தை வேண்டும் என்று இருக்கும் பெண்ணுக்கு எங்கள் சாய்வு திசு பக்கம். வார்ஃபாரின் நஞ்சுக்கொடியைக் கடந்து போகும். 6 முதல் 12-ம் வாரம் வரை சிசுவின் மூக்கும் எலும்பும் பாதிக்கப்படலாம், தினசரி அளவு 5 மி.கி.க்கு மேல் போனால் ஆபத்து கூடும். ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் சிசுவுக்கு நல்லது, ஆனால் வால்வில் உறையும் பயம் தாய்க்கு. திசு வால்வுக்கு விலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் வரும் இரண்டாவது அறுவை. நெஞ்செலும்புக்கு அடியில் எல்லாம் ஒட்டிப்போயிருப்பதால் அது முதல் அறுவையைவிடக் கடினம். அடுத்த முறை தொடை வழியாகக் குழாய் விட்டுப் பழைய வால்வுக்குள் புதியதைப் பொருத்தலாம் என்று நம்பி வைப்பதானால், முதலில் வைக்கும் அளவு முக்கியம்: 19 மி.மீ. வால்வுக்குள் இன்னொன்று நுழைந்தால் வழி மிகக் குறுகிவிடும். வளையத்தை அகலப்படுத்திப் பெரிய வால்வு வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மற்றபடி, 50 வயதுக்குள் ஆணாக இருந்து, மாதம் ஒருமுறை சோதனைக்குப் போக முடிகிறவருக்கு உலோகம். 65-க்கு மேல் அயோர்ட்டிக் என்றால் திசு. மாதக்கணக்கில் படகில் தங்கி மீன்பிடிப்பவர், ரப்பர் வெட்டும் கத்தியோடு விடியலில் தோட்டம் ஏறுகிறவர், குடியை விட முடியாதவர் ஆகியோருக்கு வயது 45 ஆனாலும் திசுவைப் பற்றி மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

எது வைத்தாலும் வால்வின் பெயர், அளவு, இடம், வைத்த தேதி, ஐ.என்.ஆர். இலக்கு, மாத்திரையின் மூலப்பெயர் ஆகியவற்றை ஒரே அட்டையில் தமிழிலும் எழுதி வாங்கி, சட்டைப்பையில் வைத்திருங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள். வால்வில் கிருமி தொற்றாமல் இருக்க அமாக்சிசிலின் 2 கிராம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்கியிருக்க வேண்டும்.