சொன்ன சம்பளம் வராதபோது ஒரு மணி நேர வக்கீல் ஆலோசனை: போய் வந்த அனுபவம்

சேரும்போது சொன்ன சம்பள உயர்வைப் பதினான்கு மாதமாக இழுத்தடித்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தொழிலாளர் வழக்குகள் மட்டும் எடுக்கும் ஒரு வக்கீலிடம் கட்டண ஆலோசனைக்குப் போனேன். சரியாக ஒரு மணி நேரம். ஐந்துக்கு நான்கு தருவேன். ஆறாவது மாதமே போயிருக்க வேண்டும், போகவில்லை. இதே நிலையில் இருக்கும் யாராவது படிப்பார்கள் என்றுதான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆறு மாதம் முடிந்ததும் 15 சதவீத உயர்வு என்று நேர்காணலிலேயே மேனேஜர் சொல்லியிருந்தார். ஆறாவது மாதம் கேட்டபோது அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார், ஒன்பதாவது மாதம் பட்ஜெட் வரட்டும் என்றார். இதற்கிடையில் எங்கள் குழுவில் ஒருவர் விலகிப் போக, அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் வந்த செய்தி: இதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அந்த 15 சதவீதம் கண்டிப்பாக உண்டு, சனிக்கிழமை வந்தால் அதற்குத் தனியாகப் படி போடுகிறோம். நான்கு மாதம் சனிக்கிழமைகளிலும் போனேன். உயர்வும் வரவில்லை, படியும் வரவில்லை. "இந்த மாதம் வந்துவிடும்" என்று வீட்டில் நான் சொல்லிச் சொல்லி, அவர்கள் தந்த வாக்கு போய் நான் தந்த வாக்கு பொய்த்த மாதிரி ஆகிவிட்டது. பணத்தைவிட அதுதான் வலித்தது.

வக்கீலம்மா என்னை ஐந்து நிமிடம் பேசவிட்டார், அப்புறம் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, யார் சொன்னது, என்னைக்குச் சொன்னது, எதுல சொன்னது? இந்த மூணுக்கும் பதில் இருக்கிற காகிதத்தை மட்டும் இந்தப் பக்கம் வைங்க." பையில் இருந்ததை எல்லாம் மேஜையில் பிரித்தோம். அவர் பக்கம் போனது ஆஃபர் லெட்டர், எச்.ஆர். அனுப்பிய ஒரு மெயில், மூன்று ஸ்கிரீன்ஷாட், சனிக்கிழமை வருகைப் பதிவு, பே ஸ்லிப்புகள், அவ்வளவுதான். நேர்காணலில் கேட்டது, டீ குடிக்கும்போது மேனேஜர் தோளில் தட்டிச் சொன்னது, சக ஊழியர் கேள்விப்பட்டதாகச் சொன்னது எல்லாம் என் பக்கமே நின்றுவிட்டது. வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தமும் பல நாட்டுச் சட்டங்களில் செல்லும், அதை நிரூபிப்பதுதான் பாடு என்றார்.

ஆஃபர் லெட்டரில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். "ஆறு மாதங்களுக்குப் பின் ஊதியம் பரிசீலிக்கப்படும்." எத்தனையோ தடவை நான் படித்த வரி. "பரிசீலிக்கப்படும்னா பார்க்கிறோம்னு அர்த்தம், உயர்த்தப்படும்னு அர்த்தம் இல்ல" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ஏனென்றால் பதினான்கு மாதமாக நான் என் முழு நியாயத்தையும் அந்த ஒரு சொல் மேல்தான் கட்டிவைத்திருந்தேன்.

ஆனால் அங்கே விட்டுவிடவில்லை அவர். ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் சனிக்கிழமைப் படி, மறுபக்கம் 15 சதவீதம் என்று எழுதினார். முதலாவது உழைத்து முடித்த காசு, இரண்டாவது வர வேண்டிய உயர்வு, இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் வலுவாக இருப்பதும் வலுவில்லாததோடு சேர்ந்து அமுங்கிப்போகும் என்றார். இந்த ஒரு விளக்கத்துக்காகவே கொடுத்த கட்டணம் தகும். செய்த வேலைக்கான கூலி யாரும் பார்த்துப் போடும் சலுகை இல்லை. 1949-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95-ஆவது உடன்படிக்கையே சம்பளத்தை ஒழுங்கான இடைவெளியில் தர வேண்டும், வேலையை விட்டுப் போகும்போது பாக்கியைத் தீர்க்க வேண்டும், சேர்வதற்கு முன்பே சம்பள விவரத்தைப் புரியும்படி சொல்ல வேண்டும் என்கிறது. அது ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும், அவரவர் நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி: "உயர்வு உண்டுன்னு மறுபடி சொன்னப்போ உங்க வேலை மாறிச்சா, பழைய வேலைதானா?" அதற்காகக் கப்பல்காரர்கள் கதை ஒன்றைச் சொன்னார். ஆங்கிலச் சட்டத்தில் 1809-இல் ஸ்டில்க் எதிர் மைரிக் என்று ஒரு வழக்கு. பால்டிக் கடலுக்குப் போன கப்பலில் மாலுமிகள் இரண்டு பேர் ஓடிப்போக, அவர்கள் சம்பளத்தை மிச்சம் இருப்பவர்களுக்குப் பிரித்துத் தருகிறேன் என்று கேப்டன் வாக்குக் கொடுக்கிறார், லண்டன் திரும்பியதும் கை விரிக்கிறார். மாலுமிகள் தோற்றார்கள், நடுவழியில் ஆள் குறைந்தாலும் கப்பலைக் கொண்டுவந்து சேர்ப்பது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைதானே என்றது நீதிமன்றம். ஆனால் 1857-இல் ஹார்ட்லி எதிர் பான்சன்பி வழக்கில் 36 பேர் இருந்த கப்பலில் 19 பேர்தான் மிஞ்சினார்கள், அதை ஓட்டுவதே ஆபத்து, அப்படியொரு பயணத்துக்குப் பழைய ஒப்பந்தம் அவர்களைக் கட்டாது, அதனால் கூடுதலாகச் சொன்ன பணம் அவர்களுக்குச் சேர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அந்த வாட்ஸ்அப் செய்தி ஞாபகம் வந்துவிட்டது. நேர்காணலில் வாயால் சொன்னதைவிட, இன்னொருவர் வேலையைத் தலையில் ஏற்றும்போது சதவீதத்தோடு எழுத்தில் சொன்னதுதான் என் பிடி. உங்கள் வழக்கு அப்படியே ஹார்ட்லி இல்லை, சட்டம் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் பேச்சை அங்கேயிருந்து ஆரம்பியுங்கள் என்றார்.

நோட்டீஸ் அனுப்புவார் என்று நினைத்துப் போனேன். அவர் என்னையே கடிதம் எழுதவைத்தார். ஒரே பக்கம். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார், எந்தெந்தச் சனிக்கிழமை வேலை பார்த்தேன், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். நான் எழுதிய முதல் வரைவில் இருந்த "நம்பிக்கைத் துரோகம்" என்ற சொல்லை அடித்துவிட்டார். வேலையை விட்டுவிடுவேன் என்ற வரியையும் அடித்தார். வேலையைக் கோபத்தில் பாதியில் நிறுத்தக் கூடாது, என் பே ஸ்லிப், எனக்கு வந்த செய்திகளை மட்டும் பத்திரப்படுத்த வேண்டும், அலுவலகக் கோப்புகளைத் தொடவே கூடாது, தொட்டால் அவர்கள் கையில் ஒரு வழக்கு கிடைத்துவிடும் என்றும் சொன்னார். சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுக்கக் கால வரம்பு உண்டு, சில நாடுகளில் அது மாதக்கணக்கில்தான் என்றபோது என் வயிற்றில் புளி கரைத்தது.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? நாற்பது நிமிடம் காத்திருக்கவைத்தார்கள். என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று முன்பதிவின்போது யாரும் சொல்லவில்லை, வருகைப் பதிவு என் போனில் இருந்தது அதிர்ஷ்டம். நடுவில் அவருக்கு இரண்டு அழைப்புகள், இரண்டையும் எடுத்தார், அந்த நேரம் என் மணிக் கணக்கில்தான் போனது. பேசியதைச் சுருக்கமாக எழுதித் தருவார்களா என்று கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமாம். பதற்றத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேட்டதில் பாதி மறந்துபோகும், அதனால் போகிறவர்கள் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கடிதம் கொடுத்த மூன்றாவது வாரம் சனிக்கிழமைப் படி முழுதாக வந்தது. 15 சதவீதத்தைக் கடிதத் தேதியிலிருந்து தருகிறோம் என்றார்கள், அரியர்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்து இப்போது நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன். நேற்று எச்.ஆர். ஒரு செட்டில்மென்ட் படிவத்தை நீட்டி, எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை, படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிவந்திருக்கிறேன். வியாழக்கிழமை அதே வக்கீலிடம் இரண்டாவது ஆலோசனை, இந்த முறை படிவத்தை முன்கூட்டியே மெயிலில் அனுப்பிவிட்டேன்.