பிசினஸ் இங்கிலீஷ் படித்து நெடுநாள் ஆன பிறகு: எது நிலைத்தது, எது உதிர்ந்தது

அலுவலக ஆங்கிலத்துக்காக இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் சிலவற்றைப் படித்து முடித்து, சில ஆண்டுகளாக அன்றாட வேலையில் அவற்றைப் பயன்படுத்தி வருகிறேன். பாடம் முடிந்த சூட்டோடு எழுதப்படும் அனுபவக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. சான்றிதழ் வந்த உற்சாகத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். எது கையோடு தங்கியது, எது ஒரே மாதத்தில் காணாமல் போனது என்பதெல்லாம் நாள்பட்டுத்தான் புரிகிறது. அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்தே ஆங்கிலம் படித்தவன் நான். வாசிப்பேன், எழுதுவேன், இலக்கணம் பெரிதாக இடிக்காது. வேலையில் பல நாட்டுக்காரர்களோடு மெயில், சாட், வீடியோ மீட்டிங் எல்லாம் உண்டு. எனக்கு இருந்த சிக்கல் இரண்டு. நீளமாக மெயில் எழுதி அனுப்பினால் பதில் வராது. மீட்டிங்கில் நான் வாய் திறப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடும். இந்த இரண்டுக்கும் தீர்வு தேடித்தான் படிக்கப் போனேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆங்கிலம் இந்தப் பாடங்களால் மாறியது கொஞ்சம்தான். விஷயத்தை எந்த வரிசையில் சொல்வது என்பதுதான் தலைகீழாக மாறியது. மெயிலுக்குப் பதில் வரத் தொடங்கியதும், மீட்டிங்கில் இடம் கிடைத்ததும் அந்த மாற்றத்தால்தான்.

மெயிலை எடுத்துக்கொள்வோம். நமக்கு இயல்பாக வரும் வரிசை என்ன? முதலில் நடந்தது, அடுத்து காரணம், கடைசியில் வேண்டுகோள். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைக் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்ற கூச்சம் அதில் இருக்கிறது. வாக்கியத்திலும் நமக்கு வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. இறுதிவரை காத்திருந்து கேட்கப் பழகியவர்கள் நாம். ஒரு நாளில் மெயில்கள் குவிந்துகிடக்கும் ஒருவர் அப்படிக் காத்திருப்பதில்லை. முதல் இரண்டு வரியைப் பார்க்கிறார், தனக்கு அதில் வேலை இல்லை என்று தோன்றினால் மூடிவிடுகிறார். அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதிகளில் இதற்கென்றே ஒரு முறை உண்டு: ‘பாட்டம் லைன் அப் ஃப்ரண்ட்’, சுருக்கமாக ‘பிளஃப்’. முடிவையோ வேண்டுகோளையோ தொடக்கத்திலேயே வை, விளக்கம் அப்புறம் வரட்டும் என்பது அதன் சாரம். பிசினஸ் இங்கிலீஷ் பாடங்கள் பெரும்பாலும் இதையே வேறு வேறு பெயரில் சொல்லித் தருகின்றன.

நடைமுறையில் இப்படி இருக்கும். அறிக்கை ஏன் தாமதமானது என்று மூன்று பத்தி எழுதிவிட்டு, கடைசியில் ‘ஒப்புதல் தர முடியுமா’ என்று கேட்பது பழைய முறை. ‘புதன்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும், வந்தால்தான் வெள்ளியன்று அறிக்கை வெளியாகும்’ என்று தொடங்கிவிட்டு, தேவைப்படுபவர் படிக்கட்டும் என்று காரணத்தைக் கீழே வைப்பது புதிய முறை. சப்ஜெக்ட் லைனிலும் வெறும் ‘அப்டேட்’ என்று போடாமல், என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்று போட வேண்டும். ஒரு மெயிலில் ஒரே ஒரு வேண்டுகோள். இவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரு புதுச் சொல்கூடத் தெரிய வேண்டியதில்லை. பலன் மட்டும் முதல் வாரத்திலேயே தெரிந்தது. எங்கள் டீமில் மூத்தவர் ஒருவர், “தம்பி, உன் மெயிலை இப்போ ஒரு தடவை படிச்சாலே போதும்” என்று சொன்னபோது எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஒரு விலக்கு இருக்கிறது, அதைப் பாடங்கள் போகிறபோக்கில்தான் தொடுகின்றன. மறுப்பு, தாமதம், விலை ஏற்றம் போன்ற கசப்பான செய்திகளில் முதல் வரியிலேயே ‘முடியாது’ என்று போட்டால் உறவு கெடும். அங்கே பழைய வரிசைதான் சரி: ஒரு வரியில் சூழல், ஒரு வரியில் காரணம், அடுத்து மறுப்பு, கூடவே ஒரு மாற்று வழி.

பணிவுத் தொடர்களுக்கு எல்லாப் பாடங்களிலும் நீண்ட அட்டவணை இருக்கும். ‘குட் யூ’ என்று தொடங்கி ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ வரை ஏணிப்படி போல அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்கும் உதவி பெரிதாகப் பெரிதாக மேல்படிக்குப் போக வேண்டும் என்பது விதி. நாள்பட்ட அனுபவத்தில் எனக்கு மூன்று தொடர்கள் போதுமானதாக இருக்கின்றன. மற்றவை மறந்தே போயின, அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

இனி மீட்டிங். இதற்காகவே இந்தப் படிப்பு தகும் என்பேன்.

மீட்டிங்கில் பேச முடியாமல் போவதற்கு நாம் நினைக்கும் காரணம் சொல்வளம் போதாது என்பது. உண்மையில் தடை முதல் சில நொடிகளில்தான் இருக்கிறது. யாரோ பேசிக்கொண்டிருக்கிறார், நடுவே நுழைய வேண்டும், நுழையும் வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாய்ப்பு போய்விடுகிறது. ‘கேன் ஐ கம் இன் ஹியர்’, ‘பிஃபோர் வி மூவ் ஆன்’ போன்ற நுழைவுத் தொடர்களை யோசிக்காமலே வாயில் வரும் அளவுக்குப் பழகிவிட்டால், அதைச் சொல்லும் அந்த இரண்டு நொடியில் அடுத்து என்ன சொல்வது என்று மூளை தயாராகிவிடும். மற்றவர்களும் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். பாடத்தில் இதை வெறும் பட்டியலாகத் தருகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகாவிட்டால் இந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

பழகுவதற்கு எனக்கு உதவியது 4-3-2 என்ற பயிற்சி. 1980களிலிருந்தே மொழி வகுப்புகளில் இருக்கும் முறை இது. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடத்தில் சொல்ல வேண்டும், பிறகு வேறொருவரிடம் 3 நிமிடத்தில், அப்புறம் இன்னொருவரிடம் 2 நிமிடத்தில். என் வாராந்திர நிலை அறிக்கையை இப்படிப் போனில் பதிவு செய்து பழகினேன். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பதிவுக்குப் பேசலாம். மூன்றாவது முறை பேசும்போது தயக்க ஒலிகள் குறைந்துவிடுகின்றன. அதைவிட முக்கியம், இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டிய கட்டாயத்தால் எது தேவை, எது வேண்டாம் என்று தானாகவே தெளிவாகிவிடுகிறது. மெயிலில் கற்ற அதே வரிசை பேச்சிலும் வந்து உட்கார்கிறது.

இன்னொன்று, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது. ‘நான் புரிந்துகொண்டது சரி என்றால், நீங்கள் வடிவமைப்பைத் திங்களன்று அனுப்புகிறீர்கள், நாங்கள் சோதனையை வியாழனுக்குள் முடிக்கிறோம், சரியா?’ என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மொத்தப் படிப்பிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். உச்சரிப்பு புரியாமல் போனது, இணைப்பு அறுந்து வாக்கியம் பாதியில் நின்றது, எதிராளியே தெளிவாகச் சொல்லாதது, எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தில் பிடிபட்டுவிடும். மீட்டிங் முடிந்து அதையே நான்கு வரியில் எழுதி அனுப்பினால் மினிட்ஸும் தயார்.

தொனி பற்றி எந்தப் பாடமும் போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982இல் வெளியான தன் நூலில் எழுதிய ஒரு நிகழ்வு இதற்கு அருமையான சான்று. பிரிட்டனின் ஒரு பெரிய விமான நிலையத்தில் ஊழியர் உணவகம் ஒன்று. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதாகப் புகார் வந்தது. பரிமாறும்போது ‘கிரேவி வேண்டுமா’ என்று கேட்கும் இடத்தில் அவர்கள் ‘கிரேவி’ என்ற சொல்லைக் குரலை இறக்கிச் சொன்னார்கள். பிரிட்டிஷ்காரர்கள் குரலை ஏற்றிச் சொல்வது வழக்கம். குரல் இறங்கியதும் அது கேள்வியாகக் கேட்கவில்லை. ‘இது கிரேவி, எடுத்துக்கொள்’ என்கிற மாதிரி காதில் விழுந்தது. அந்தப் பெண்களுக்கோ அதுதான் இயல்பான கேள்வித் தொனி. ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்ட பிறகுதான் இரு தரப்புக்கும் விஷயம் புரிந்தது.

இதைப் படித்த பிறகு என் மீட்டிங் பயிற்சிப் பதிவுகளைத் தொனிக்காக மட்டும் தனியாகக் கேட்கத் தொடங்கினேன். வேண்டுகோள் வாக்கியங்களின் முடிவில் குரல் எங்கே போகிறது, எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று மட்டும் கவனிப்பேன். உச்சரிப்பை ‘சுத்தம்’ செய்யும் பாடங்களைவிட இது பல மடங்கு பலன் தருகிறது. ஆங்கிலத்தைப் பொதுமொழியாகப் பேசுவோரிடையே எந்த ஒலிகள் புரிதலைக் கெடுக்கின்றன என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட முடிவுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. ‘திங்க்’, ‘தட்’ போன்ற சொற்களின் முதல் ஒலி துல்லியமாக வராவிட்டாலும் பெரும்பாலும் பாதகமில்லை. உயிரெழுத்தின் நீளம், சொல்லின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் மெய்கள், வாக்கியத்தில் முக்கியச் சொல்லின் மேல் விழும் அழுத்தம், இவை பிசகினால்தான் புரியாமல் போகிறது. குறில், நெடில் பேதம் நமக்குப் பிறப்பிலேயே உண்டு. ஆகவே நாம் உழைக்க வேண்டிய இடம் அந்த அழுத்தம்தான். ‘ஆக்சென்ட்’ போக்கும் பாடத்துக்குப் பணமும் நேரமும் செலவிடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

உதிர்ந்து போனவற்றில் முதல் இடம் ஐடியம்களுக்கு, அதாவது மரபுத்தொடர்களுக்கு. ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’, ‘டச் பேஸ்’, ‘பால்பார்க் ஃபிகர்’ என்று வாரத்துக்கு ஒரு தொகுப்பு வரும். அட்டை போட்டு மனப்பாடம் செய்யலாம், அது கஷ்டமில்லை. மறதி எப்படி நேரத்தோடு கூடுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே காட்டிவிட்டார். இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்க ஆங்கி போன்ற செயலிகளும் இருக்கின்றன. மனப்பாடம் ஆன பிறகு அதை யாரிடம் சொல்வது? என் எதிரே இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. 2005இல் பின்லாந்து ஆய்வாளர்கள், பின்லாந்து, ஸ்வீடன் நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது அலுவலகத் தொடர்பு எப்படி நடந்தது என்று ஆராய்ந்து, இந்த வகை ஆங்கிலத்துக்கு ‘பெல்ஃப்’ என்று தனிப் பெயரே வைத்தார்கள். வேலைக்குப் பொதுவான மொழியாக மட்டும் அங்கே ஆங்கிலம் இருக்கிறது, யாருடைய சொந்த மொழியாகவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஐடியம் குறுக்கே நிற்கிறது. கேட்டால் புரியும் அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். இப்போது என் அட்டைகளில் ஐடியம் எதுவும் கிடையாது. நான் அடிக்கடி எழுத வேண்டிய முழு வாக்கியங்கள் மட்டும் இருக்கின்றன.

கேட்டல் பயிற்சியிலும் இதே குறை. பாடங்களில் வரும் ஒலிப்பதிவுகளில் ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேசுவார், ஒலி துல்லியமாக இருக்கும். உண்மையான மீட்டிங் அப்படியா இருக்கிறது? மீட்டிங் பதிவுகள் கிடைத்தால், திரையில் பேச்சை எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் வரிகளை மறைத்துவிட்டு ஒருமுறை, பார்த்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எந்தப் பாடமும் இதற்கு ஈடாகாது.

பிரசன்டேஷன் பகுதி பரவாயில்லை. ‘இப்போது இதிலிருந்து அதற்குப் போகிறோம்’ என்று வழிகாட்டும் தொடர்கள் பயன்படுகின்றன, மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை.

நான் சேர்ந்த பாடங்களில் ஒன்றில், எழுத்துப் பயிற்சிகளைச் சக மாணவர்களே திருத்தும் ஏற்பாடு இருந்தது. ‘குட் ஜாப்’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. கட்டணம் கட்டிய ஒருவருக்கு இது நியாயமே இல்லை. அப்புறம் அலுவலக நண்பர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டேன்: முக்கியமான மெயிலை அனுப்பும் முன் அவர் ஒருமுறை படித்து, ‘இதைப் படித்ததும் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் நான் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் மெயில் போகும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இதே கேள்வியை அதனிடமும் கேட்கலாம் என்று ஆகிவிட்டது. ‘திருத்தி எழுதிக் கொடு’ என்று மட்டும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மெயில் பளபளப்பாகிவிடும், ஆனால் மறுநாள் மீட்டிங்கில் அந்த ஆங்கிலம் நம் வாயில் வராது. வாடிக்கையாளர் பெயரும் அலுவலகத் தகவலும் அதில் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

தேர்வு பற்றிக் கேட்பவர்களுக்கு: வேலைக்கான ஆங்கிலத்தை அளக்கும் டோயிக் கேட்டல்–வாசிப்புத் தேர்வில் 200 கேள்விகள், இரண்டு மணி நேரம், 10 முதல் 990 வரை மதிப்பெண். அதில் நீங்கள் ஒரு சொல்கூடப் பேசப் போவதில்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் வேறு தேர்வு இருக்கிறது. ஜப்பானின் இணைய வணிக நிறுவனமான ராகுடென் 2010இல் ஆங்கிலத்தை நிறுவன மொழியாக அறிவித்து, ஊழியர்களுக்கு டோயிக் மதிப்பெண் இலக்கு வைத்தது. உங்கள் நிறுவனமும் அப்படிக் கேட்டால் எழுதுங்கள். மீட்டிங்கில் பேசுவதற்காக அதை எழுத வேண்டியதில்லை.

யாருக்கு இந்தப் படிப்பு பொருந்தும்? ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி1 என்ற இடைநிலைக்குக் கீழே இருப்பவர்கள் முதலில் பொது ஆங்கிலத்தில் நேரம் செலவிடுவது நல்லது. வாக்கியமே தடுமாறும்போது வரிசை பற்றி யோசிக்க முடியாது. அதற்கு மேல் இருப்பவர்கள் மெயில், மீட்டிங் இரண்டையும் முதலில் எடுங்கள், மற்றவற்றை வேலை கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பேரம் பேசும் பகுதியை நான் முன்பு மேலோட்டமாகத்தான் படித்தேன், அப்போது தேவைப்படவில்லை. இப்போது காலக்கெடுவை நானே பேசி முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு வந்திருப்பதால், ‘நீங்கள் இதை முன்னதாகத் தந்தால் நாங்கள் அதைச் சேர்க்க முடியும்’ என்ற வகை நிபந்தனை வாக்கியங்களுக்காக அந்தப் பகுதியை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.