புகைக்காகக் கட்டப்பட்ட கூடம்: சஸெக்ஸில் ஒரு பழைய பண்ணை வீடு

ஜூன் பள்ளி விடுமுறையில் இங்கிலாந்துக்குச் செல்லும் நம் சிங்கப்பூர்க் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் லண்டனிலேயே முடிந்துவிடுகிறது. பழைய வீடுகள்மீது ஆர்வமுள்ளவர்கள், மேற்கு சஸெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்தை ஒட்டியுள்ள வீல்டு அண்டு டவுன்லேண்டு அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை.

1970இல் திறக்கப்பட்ட இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் சுமார் 50 பழைய கட்டடங்கள் உள்ளன. அழியவிருந்த கட்டடங்களை மரம் மரமாகப் பிரித்து எடுத்துவந்து, மீண்டும் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். ஓக் மரச் சட்டங்களை இரும்பு ஆணியால் அடிக்காமல், துளையிட்டுக் கோத்து, மரமுளைகளால் இறுக்கிய தச்சுமுறையே இப்படிப் பிரித்துச் சேர்ப்பதற்கு இடம் தந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த நம் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் சிலவற்றையாவது இதுபோல் எடுத்துவைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இங்குள்ள கட்டடங்களில் மிகச் சிறந்தது பேலீஃப் பண்ணை வீடு. கென்ட் மாவட்டத்தின் சிடிங்ஸ்டோன் பகுதியில் இருந்த இவ்வீடு, பவ் பீச் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அங்கிருந்து அகற்றப்பட்டது. இதன் பெரும்பகுதி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஒரு முனை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை. இரு முனைகளிலும் மாடி சற்றே முன்னால் துருத்தி நிற்க, நடுக்கூடத்தின் சுவர் உள்ளடங்கியிருக்க, அனைத்தையும் ஒரே ஓட்டுக்கூரை மூடுகிறது.

வெளித்தோற்றத்தைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். கூடத்துக்குள் நின்று மேலே பாருங்கள். தரையிலிருந்து கூரை வரை இடையில் தளமே இல்லை. இவ்வீட்டில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் மண்தரையில் மூட்டிய நெருப்பின் புகை, மேலெழுந்து கூரையின் இடுக்குகள் வழியே வெளியேறியாக வேண்டும். ஆகவே கூடத்தின்மேல் மாடி அமைக்க வழியில்லை. இரு முனைகளிலும் உள்ள மாடியறைகளும் ஒன்றோடொன்று தொடர்பின்றி, தனித்தனிப் படிகளுடன் பிரிந்து கிடக்கின்றன. கூடத்தின் மேல்முனையில் வீட்டுத் தலைவரின் மேசையும், கீழ்முனையில் குறுக்கு நடைவழியும், அதை அடுத்து உணவும் பானமும் வைக்கும் இரண்டு சிற்றறைகளும் அமைந்திருப்பதால், யாருடைய இடம் எது என்பதைக் கட்டட அமைப்பே காட்டிவிடுகிறது.

சன்னல்களில் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும் உட்பக்கக் கதவுகளும் மட்டுமே. மரச்சட்டங்களுக்கு இடையே வரிச்சு கட்டி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசிய சுவர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்து மண்சுவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கைவேலை அந்நியமாகத் தோன்றாது. சிங்கப்பூரின் அலெக்ஸாண்ட்ரா பார்க் பகுதியிலுள்ள பிரிட்டிஷ் காலக் கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, இங்குள்ள ஓக் மரம் கறுப்புப் பூச்சின்றி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருப்பது வியப்பளிக்கலாம். நம் பங்களாக்கள் காற்றை உள்ளே வரவழைக்கத் தூண்களின்மேல் உயர்ந்து, அகன்ற தாழ்வாரங்களுடன் நிற்பவை. பேலீஃப் கூடத்தில் குடும்பம் முழுவதும் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்து குளிரைத் தாங்கியது. இரண்டையும் மரச்சட்ட அழகுக்காக மட்டும் ஒப்பிடுவது போதாது என்று நினைக்கிறேன்.

அடுத்து, மிட்ஹர்ஸ்ட் அருகிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்டீன் பண்ணை வீட்டுக்குச் செல்லுங்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இதன் நடுவில் செங்கல் புகைபோக்கி எழுந்து நிற்கிறது. புகைக்குத் தனிவழி கிடைத்தவுடன் வீடு முழுவதற்கும் மாடி வந்துவிட்டது. உயர்ந்த கூடம் தேவையில்லாமல் போனது. இந்த இரு வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், ஆங்கிலேய வீட்டின் ஒரு பெரும் மாற்றத்தை ஒரே மதியத்தில் புரிந்துகொள்ள முடியும்.

பேலீஃபில் உள்ள மேசை, நாற்காலி, படுக்கை முதலியவை ஏறத்தாழ 1540ஆம் ஆண்டு வாழ்க்கையைக் காட்டும் வகையில் புதிதாகச் செய்யப்பட்ட நகல்கள். 2002இல் வளைந்த ஓக் சட்டங்களால் கட்டப்பட்ட, கிரிட்ஷெல் என்னும் வலைப்பின்னல் கூரைக் கூடமும் இதே வளாகத்தில் இருக்கிறது. பொறியியல் படிப்பவர்கள் அதைத் தவறவிடக்கூடாது.

லண்டனிலிருந்து சிச்செஸ்டர்வரை ரயிலில் சென்று, மிட்ஹர்ஸ்ட் பேருந்தில் சிங்கிள்டனில் இறங்கலாம். வளாகம் மலைச்சரிவில் பரந்திருப்பதால் நல்ல காலணி அவசியம். முதியவர்களோடு செல்பவர்கள் நுழைந்ததும் நேராக பேலீஃபுக்குச் சென்றுவிட்டு, மற்றவற்றை உடல்நிலைக்கேற்பப் பார்ப்பது நல்லது.