கார்ட்ரிட்ஜா, இங்க் டேங்கா, லேசரா, இல்லை போட்டோஸ்டேட் கடையா? கோலாலம்பூரில் எது கட்டுபடியாகும்

எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: கடைசியாக எப்போது ஒரு தாள் அடித்தீர்கள்? போன வாரம் என்றால் ஒரு பதில், போன தீபாவளிக்கு முன்னால் என்றால் வேறு பதில். மாதம் எத்தனை பக்கம் அடிப்பீர்கள் என்றுதான் கடையில் கேட்பார்கள். சரி, அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் பிரிண்டர் போனதெல்லாம் ஓட்டி ஓட்டிப் போனதில்லை, மாதக்கணக்கில் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, பிள்ளை நாளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணும் என்று ராத்திரி பத்து மணிக்குச் சொல்லும்போது திறந்தால் வெறும் வெள்ளைக் கோடு வரும், அப்படிப் போனதுதான். அதனால் கீழே விலையைப் பற்றிப் பேசினாலும் என் கண் இந்த இடைவெளி மேல்தான் இருக்கும்.

கார்ட்ரிட்ஜ் வகையை முதலில் முடித்துவிடலாம். லோயாட் பிளாசாவில் ஒரு சுற்று வந்தால் கண்ணுக்கு மலிவாகப் படுவது இதுதான், செலவு வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிக்கும். ஹெச்பி 680 கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள், கறுப்பு 480 பக்கம், கலர் 150 பக்கம் என்பது கம்பெனிக் கணக்கு. விலை மாறிக்கொண்டே இருக்கும், கணக்குக்காக ஒன்று 40 வெள்ளி என்று வைத்தால் கறுப்பு பக்கத்துக்கு 8 சென்னுக்கு மேல், கலர் 26, 27 சென். அந்த ‘பக்கம்’ கூட ஐஎஸ்ஓ தரப்படி வைத்த மாதிரிப் பக்கம்தான், தாள் முழுக்க வண்ணம் பூசின ஒர்க்‌ஷீட் அடித்தால் எண்ணிக்கை சடசடவென்று இறங்கிவிடும். மூன்று நிறமும் ஒரே டப்பாவில் இருப்பதால் மஞ்சள் தீர்ந்தால் மற்ற இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஒரு நியாயம் மட்டும் சொல்லணும்: இந்த வகையில் மை தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது, காய்ந்து அடைத்துக்கொண்டால் புது டப்பா போட்டவுடன் புது ஹெட்டும் வந்துவிடும். மற்றபடி இதை வாங்கச் சொல்ல எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இங்க் டேங்க் கதை நம் பக்கத்து நாட்டில் தொடங்கியது. இந்தோனேசியாவில் ஆட்கள் பிரிண்டருக்கு வெளியே குப்பி வைத்து, குழாய் இழுத்து, மலிவு மை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எப்சன் அதைப் பார்த்துவிட்டு 2010-ல் தானே டேங்க் வைத்த பிரிண்டரை அங்கே இறக்கியது. கெனன், பிரதர், ஹெச்பி எல்லாம் பின்னால் வந்தவை.

மை விலையில் இதை அடிக்க ஆளில்லை. எப்சன் எல்3210, எல்3250 எடுக்கும் 003 மை 65 மில்லி பாட்டில், கறுப்பு ஒன்றுக்கு 4500 பக்கம், மூன்று நிறமும் சேர்த்து 7500 பக்கம் என்கிறார்கள். பாட்டில் 30 வெள்ளி என்றே வையுங்கள், கறுப்புப் பக்கம் ஒரு சென்கூட வரவில்லை. 500 தாள் கட்டு 15 வெள்ளி என்றால் தாள் ஒன்று 3 சென். அதாவது மையைவிடத் தாள்தான் விலை. டியூஷன் நடத்துகிறவர்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கும் வீடு, வாராவாரம் பயிற்சித்தாள் அடிக்கிறவர்கள், இவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

எப்சனா கெனனா என்பதில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். எப்சன் 003-ல் கறுப்பும் ‘டை’ மை, தண்ணீர் பட்டால் கரையும். கெனன் ஜி வரிசையின் ஜிஐ-71-ல் கறுப்பு ‘பிக்மென்ட்’, தாளில் ஒட்டிக்கொள்ளும், எழுத்து கொஞ்சம் கெட்டியாகவும் தெரியும் (கறுப்புப் பாட்டில் 135 மில்லி, 6000 பக்கம்). சாயங்கால மழையில் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டாரில் போகிற ஊர் இது, பில்லும் கடிதமும் அடிக்கிற வியாபாரத்துக்கு நான் கெனன் பக்கம்தான் சாய்வேன். படம், கலர் ஒர்க்‌ஷீட் என்றால் எப்சனே போதும்.

இனி இடைவெளி விஷயம். டேங்க் பிரிண்டரில் ஹெட் இயந்திரத்தோடு இருக்கிறது. நாள்கணக்கில் சும்மா கிடந்தால் முனையில் மை காய்ந்து கோடு விழும், அப்போது ‘ஹெட் க்ளீனிங்’ ஓட்டச் சொல்வார்கள். அது மையை உறிஞ்சித் துப்பித்தான் அடைப்பை எடுக்கும். துப்பின மை உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும், பஞ்சு நிறைந்துவிட்டதாக உள்ளே இருக்கும் கணக்கு சொன்னால் டேங்க்கில் மை தளும்பத் தளும்ப இருந்தாலும் பிரிண்டர் நின்றுவிடும். கெனன் ஜி2020, ஜி3020 மாடல்களில் இதற்கு எம்சி-ஜி02 என்று தனிப் பெட்டி இருக்கிறது, நீங்களே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எப்சனின் அடிமட்ட மாடல்களில் சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டியிருக்கும். தப்பிக்க வழி சுலபம்: வாரம் ஒரு கலர் பக்கம் அடியுங்கள், அப்புறம் பிரிண்டரை அதன் பட்டனில் அணையுங்கள். நம் வீடுகளில் கரண்ட் பில்லுக்குப் பயந்து சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிடுவது பழக்கம். அப்படிச் செய்தால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்கார நேரமில்லாமல் திறந்தபடியே நின்று காயும்.

லேசருக்கு இந்தத் தலைவலி கிடையாது. டோனர் மையே இல்லை, பிளாஸ்டிக் தூள். அதைச் சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கித் தாளில் அழுத்துகிறது. காய்வதற்கு ஈரம் என்று ஒன்று இருந்தால்தானே. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் முதல் தாளே கறுப்பாக வரும், தண்ணீர் பட்டாலும் எழுத்து ஓடாது. ஆனால் பக்கத்துக்கு மலிவு என்று நினைத்து வாங்காதீர்கள். பிரதரின் டிஎன்-2480 டோனர் 3000 பக்கம், ஒரிஜினல் 240 வெள்ளி என்று வைத்தால் பக்கம் 8 சென், கார்ட்ரிட்ஜ் கறுப்போடு கிட்டத்தட்ட சமம். அதோடு 12,000 பக்கத்துக்கு ஒருமுறை டிரம் (தூளைத் தாளில் பதிக்கும் உருளை) தனியாக மாற்றணும். பெட்டியோடு வருகிற முதல் டோனர் பெரும்பாலும் முழு அளவாக இருக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி செய்கிற கம்பாட்டிபிள் டோனர் இதில் ஒரு சின்னப் பங்கு விலைக்குக் கிடைக்கும், வீட்டு உபயோகத்துக்கு நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தூள் கசிகிறதா என்று மட்டும் முதல் நாலு தாளில் பாருங்கள்.

ஆக, லேசரில் நீங்கள் காசு கொடுப்பது நிம்மதிக்கு. மாதம் 15, 20 பக்கம், எப்போதாவது, கறுப்பு மட்டும், இதற்கு அதுதான் சரி. கலர் லேசரில் நாலு டோனர் வாங்கணும், சாதாரண வீட்டுக்குத் தேவையில்லை. இரண்டு எச்சரிக்கை: லேசர் சூடேறும்போது கரண்ட் ஒரேயடியாக இழுக்கும், கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். இங்க்ஜெட்டுக்கான ஸ்டிக்கர் தாளை உள்ளே விடாதீர்கள், பசையோ மேல்பூச்சோ உருகி டிரம்மில் அப்பிக்கொண்டால் பிரிண்டர் விலைக்கே ஆப்பு.

தாள் நெளிந்து சிக்குகிறது என்று பிரிண்டரைத் திட்டுகிறவர்கள் பாதிப் பேர் திட்ட வேண்டியது நம் ஊர்க் காற்றை. கட்டைப் பிரித்து அப்படியே ட்ரேயில் வாரக்கணக்கில் விட்டால் ஈரத்தைக் குடித்துவிடும், லேசரில் இது இன்னும் நன்றாகத் தெரியும். வேண்டிய அளவு மட்டும் ட்ரேயில் வையுங்கள், மிச்சத்தை அதன் உறையிலேயே மடித்து வையுங்கள்.

ஷாப்பீ, டிக்டாக் ஷாப் என்று பார்சல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றுமே கொஞ்சம் வளைந்த வழி. பார்சல் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டான வேபில்லுக்கு 100க்கு 150 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் ரோல் போடும் தெர்மல் பிரிண்டர் இருக்கிறது, மையும் இல்லை டோனரும் இல்லை, தாளே சூட்டில் கறுக்கும். நாளைக்கு அஞ்சாறு பார்சல் போகிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாரத்துக்கு இரண்டு பார்சல்தான் என்றால் ஏ4 தாளில் அடித்து மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், டை மையாக இருந்தால் உறை கட்டாயம். தெர்மலில் அடித்தது நிலைக்காது, வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் போட்டால் மங்கிப்போகும். கடை ரசீதும் இதே தாள்தான். வருமான வரிக்காகக் கணக்குப் பத்திரங்களை 7 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது உள்நாட்டு வருமான வாரியமான எல்எச்டிஎன், அதனால் முக்கியமான ரசீதை வந்த அன்றைக்கே போட்டோஸ்டேட் எடுத்துவிடுங்கள் அல்லது ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இப்போது கடை. மாதம் பத்துப் பக்கம், பக்கம் 30 சென் என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் 3 வெள்ளி, வருடம் 36, மூன்று வருடத்துக்கு 108 வெள்ளி. இந்தக் காசுக்கு நல்ல பிரிண்டரே வராது, மை பிறகு. அபூர்வமாக அடிக்கிற வீட்டுக்கு நான் சொல்வது இதுதான், பிரிண்டரே வேண்டாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கடை திறந்திருக்காது, அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐசி காப்பி, சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கடை கம்ப்யூட்டரில் தங்கிவிடும் என்பதும் உண்மை. வாட்சாப்பில் அனுப்பினால் அடித்து முடித்ததும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். உங்கள் வாட்சாப்பையே அங்கே திறந்திருந்தால் லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள். ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

வியாபாரம் என்றால் சில வேலையை வீட்டில் செய்யவே கூடாது. நேம் கார்டு, பில் புக், கல்யாணப் பத்திரிகை, முறுக்குப் பாக்கெட் ஸ்டிக்கர், இதெல்லாம் அச்சகத்துக்கு உரியவை. அங்கே கேட்க வேண்டியது டிஜிட்டலா ஆஃப்செட்டா என்று. ஆஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் செய்யணும், அந்தச் செலவு 100 தாளுக்கும் அதேதான், 2000 தாளுக்கும் அதேதான். அதனால் கொஞ்சமாக அடித்தால் கையைக் கடிக்கும், நிறைய அடித்தால் தாளுக்குத் தாள் விலை இறங்கிக்கொண்டே போகும். டிஜிட்டலில் பிளேட் இல்லை, 50 பத்திரிகை என்றால் அதுவே சரி. இரண்டுக்கும் நடுவில் ரிசோ இருக்கிறது, பள்ளிக்கூடங்களில் பரீட்சைத் தாள் அடிப்பார்களே, அது. ஒரு மாஸ்டர் வெட்டிவிட்டால் பிறகு வேகமாகவும் மலிவாகவும் ஓடும், ஒரே தாளை நூற்றுக்கணக்கில் அடிக்கிற டியூஷன் சென்டர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டிக்கரில் மிரர்கோட் மலிவு, பார்க்கப் பளபளப்பு, ஆனால் அது காகிதம்தான். ஃபிரிட்ஜில் வைக்கிற சாம்பாலுக்கோ எண்ணெய் கசிகிற ஊறுகாய்க்கோ அது தாங்காது, பிளாஸ்டிக் வகையான சிந்தெடிக் கேளுங்கள். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி உள்ளூரில் பொட்டலம் கட்டி விற்கும் உணவின் லேபிள் மலாயில் இருக்க வேண்டும், தமிழ் கூடவே இருக்கலாம். இதை ஸ்டிக்கர் அளவு முடிவு செய்வதற்கு முன்னாலேயே யோசித்துவிட்டால் பிறகு எழுத்தைப் பொடிப்பொடியாகச் சுருக்க வேண்டியிருக்காது.

தமிழ் என்றதும் ஒன்று. அச்சகத்தில் டிசைன் செய்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் வேர்டில் அனுப்பிய எழுத்தை அவர் தன் மென்பொருளில் ஒட்டுவார், இந்திய மொழிகளுக்கான அமைப்பு அதில் போடாமல் இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி வட்டமாகச் சிதறும், அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் எழுத்தைத் தட்டச்சாக அனுப்பாமல், எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப்பாகவோ, எழுத்தை வெறும் வடிவமாக மாற்றும் அவுட்லைன் ஆக்கியோ அனுப்புங்கள். நேம் கார்டு 90க்கு 54 மில்லிமீட்டர் என்றால் நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் நீட்டிவிடுங்கள், படம் 300 டிபிஐ இருக்கட்டும், வாட்சாப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திரையில் தெரியும் பளீர் நீலமும் பச்சையும் தாளில் சற்று மங்கித்தான் வரும், அதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை. ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேட்டு வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிறகே சரி சொல்லுங்கள். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தமிழ் தெரிந்த அச்சகத்தில் பத்து வெள்ளி கூடக் கேட்டாலும் பத்திரிகைக்கு நான் அங்கேதான் போவேன்.

கடைசியில் பிரிண்டரே வாங்குவது என்று முடிவானால், பில் போடுவதற்கு முன்னால் வாரண்டி நிபந்தனையைப் படியுங்கள். வருடக் கணக்கோடு பக்க எண்ணிக்கையும் போட்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை என்று எழுதியிருக்கலாம், டியூஷன் சென்டருக்கு வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம்.