கோர்ட்டா, கமிஷனா? நீனோ வழியும் அஸ்மல் வழியும்

ராணுவ ஆட்சியோ நிறவெறி ஆட்சியோ போனதும், கொன்னவங்கள என்ன பண்றதுங்கிற கேள்விக்கு ரெண்டு சட்டப் பேராசிரியர்கள் ரெண்டு ரூட் புடிச்சாங்க. அர்ஜென்டினால கார்லோஸ் நீனோ, 1983 தேர்தல்ல ஜெயிச்சு அதிபரான அல்போன்சினுக்கு ஆலோசகர். ராணுவம் போறப்பவே தனக்குத்தானே மன்னிப்புச் சட்டம் போட்டுக்கிச்சு (என்ன தைரியம் பாருங்க!), அது செல்லாதுன்னு தூக்கிட்டு 1985ல 9 தளபதிகள சிவில் கோர்ட்ல நிறுத்தினாங்க, அதுல விதேலாவுக்கும் மஸேராவுக்கும் ஆயுள். ஆனா ராணுவம் முறைச்சதும் 1986, 87ல கேஸ மூடுற சட்டங்க, அப்புறம் அடுத்த அதிபர் மெனெம் குடுத்த பொதுமன்னிப்பு, எல்லாம் போச்சு. 2005ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டங்கள ரத்து பண்ணித்தான் மறுபடி கேஸ் ஓடுச்சு. நீனோ 1993லயே போயிட்டாரு.

தென்னாப்பிரிக்கால காதர் அஸ்மல், இந்திய வம்சாவளி, டப்ளின்ல சட்டம் சொல்லிக்கொடுத்துட்டே அயர்லாந்துல நிறவெறி எதிர்ப்பு இயக்கம் நடத்தினவர். 1990ல ஊர் திரும்பி, தண்டனைக்குப் பதிலா நடந்த கொடுமைகள வெளிய கொண்டு வர்ற உண்மை கமிஷன் வேணும்னு வாதாடினாரு. கமிஷனோட டீல் இதுதான்: முழு உண்மையச் சொல்லு, அரசியல் காரணம்னு காட்டு, மன்னிப்பு உண்டு. ஸாரி கூட கேக்க வேணாம்! 7,000க்கு மேல மனு வந்துச்சு, பெரும்பாலானது தள்ளுபடி. போலீஸ் காவல்ல செத்த நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ சாவுல சம்பந்தப்பட்ட போலீஸ்காரங்களுக்கும் கெடைக்கல, ஆனா அவங்க மேல கேஸும் போடல, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

என் ஓட்டு நீனோ பக்கம்தான். ஆனா குடும்பங்க எதிர்லயே கொலகாரன் வாயால கதை வந்தது அஸ்மல் ரூட்லதான்.